கூடலூரில் பழைய படம் சரிசெய்யும் ஸ்டுடியோ: பில் தரமாட்டார், மற்றபடி போகலாம்

கடைக்குப் பெயர் இருந்திருக்க வேண்டும். போர்டில் இப்போது ‘டியோ’ என்ற இரண்டு எழுத்துதான் மிச்சம். மீதியை நீலகிரிக் கூடலூரின் மழை தின்றுவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இவர். யாரைக் கேட்டாலும் “பழைய படம் பண்றவர்தானே?” என்று கை காட்டுவார்கள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் அவரே இறங்கி வருவார்.

நான் 28 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். காசு வாங்கினால் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. இந்தக் கடையில் பில் என்ற பேச்சே இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் தொகையை எழுதிக் காட்டிவிட்டு, அந்தத் தாளையும் அவரே மடித்து வைத்துக்கொள்கிறார். இதுதான் என் முதல் குறை. கடைசிக் குறையும் அதுதான். முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு லேசாகும்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

1973இல், சிலோனில் (இன்றைய இலங்கை) அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, முன்னால் எடுத்த படம். டவுனிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, பின்னால் கறுப்புக் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தது. ஆறு பேர். அப்பா, அம்மா, அம்மா இடுப்பில் தங்கச்சி, அண்ணன், எட்டு வயசில் நான், அப்புறம் அக்கா. அக்காவுக்கு அப்போது 18. கல்யாணமாகி ஒரு வருஷம். இந்தியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அக்காவுக்கு ஒரு பிரதி நமக்கு ஒரு பிரதி என்று அப்பா இரண்டு பிரதி போடச் சொன்னார்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத இந்திய வம்சாவளித் தோட்டத்து ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு ஐந்துக்கு ஒன்று. அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அக்காவின் மாமனார் சிலோன் பிரஜாவுரிமைக்குப் போட்டார். அக்கா எங்கே மருமகளோ அங்கேயே பிரஜை ஆனார்.

அட்டனில் ரயில் ஏறும்போது போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் குடும்ப அட்டை, அங்கிருந்து நீலகிரி. அப்போது வனத்துறையின் தேயிலைத் திட்டமாக இருந்தது 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அப்பாவுக்கு அதில் வேலை. மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். மலை மட்டும் வேறு.

அக்காவிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்கள் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். அங்கிருந்து நாலைந்து கடிதம் வந்தது. 83க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கப்பலும் நின்றுபோனது. வந்த கடிதங்களை அம்மா அரிசி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு மழையில் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டன. காணாமல் போனவர்களைத் தேட செஞ்சிலுவைச் சங்கத்தில் வழி உண்டு என்று கேள்விப்பட்டு அண்ணன் ஒருமுறை விசாரித்தார். கடைசியாக இருந்த முகவரி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் மழை கொண்டுபோயிருந்தது. அம்மா 2011இல் போகும்வரை சுவரில் அந்தப் படம் மட்டும் இருந்தது, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை நான் முதலில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகவில்லை. போன வருஷம் மார்ச்சில், பேரன் காட்டிய ஒரு ஆப்பில் போட்டேன். பெயர் வேண்டாம், எல்லா ஆப்பும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. முதல் மூன்று படம் இலவசம், அதற்குமேல் மாதம் 499 ரூபாய். பத்து நொடியில் படம் வந்துவிட்டது. பளபளவென்று இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தோம். அம்மா காதில் போட்டிருந்த கொப்பு மட்டும் புளூடூத் மாட்டியது மாதிரி தெரிந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அந்தப் படத்திலிருந்து அக்கா முகத்தை மட்டும் வெட்டி, மலையகத்து (இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி) ஆட்களின் பேஸ்புக் குழுக்களில் பேரன் போட்டான். அப்பா பேர், தோட்டத்துப் பேர், வருஷம் எல்லாம் சேர்த்து. ஆறு மாதத்தில் பதினேழு பேர் தொடர்புகொண்டார்கள். அதில் இரண்டு பேர் நேராகப் பணத்துக்கு வந்துவிட்டார்கள், “அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாற்பதாயிரம் அனுப்புங்கள்” என்று. அவர்களைச் சமாளித்துவிடலாம், பஸ்ஸில் பார்க்காத ஆளா? கஷ்டமாகப் போனது இன்னொன்று. மாத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், தன் அம்மாவின் இளவயதுப் படத்தை அனுப்பினார். அச்சு அசல் அதே முகம். நாங்கள் இரண்டு வாரம் அந்த அம்மாவோடு போனில் பேசினோம். அவர்களும் சின்ன வயசில் தம்பியைப் பிரிந்தவர். இரண்டு பக்கமும் அழுகை. தங்கச்சி கண்டிக்குப் போக டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன்தான் கோத்தகிரியிலிருந்து போன் போட்டு ஒரு கேள்வி கேட்டார். “இடது புருவத்தில் வெட்டு இருக்கான்னு கேட்டியா?”

அக்கா ஏழு வயசில் லயத்துக்கு முன்னால் இருந்த கானில் (சாக்கடையில்) தவறி விழுந்து, இடது புருவம் இரண்டாகப் பிளந்து, ஆறினபிறகும் நடுவில் முடி முளைக்காமல் ஒரு கோடு நின்றுவிட்டது. எனக்கு இது தெரியும். ஆனால் ஆறு மாதமாக நினைவுக்கே வரவில்லை. ஏனென்றால் தினமும் நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் அந்தக் கோடு இல்லை. ஆப் அதை அழித்து, இரண்டு புருவத்தையும் வில் மாதிரி ஒரே அளவில் வரைந்து வைத்திருந்தது. மூக்கைக் கொஞ்சம் மெலிதாக்கி, நிறத்தையும் ஏற்றியிருந்தது. இல்லாத ஒரு பெண்ணைத் தேடி, அவள் சாயலில் ஒருவரைக் கண்டும் பிடித்துவிட்டோம். மாத்தளை அம்மாவுக்குப் புருவம் முழுசாக இருந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் போனை எடுக்கவில்லை. அப்புறம் தங்கச்சி சொன்னாள். இப்போதும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவரிடமிருந்து வாட்ஸப் வாழ்த்து வருகிறது.

அதற்குப் பிறகுதான் இந்தப் படிக்கட்டில் ஏறினேன். அக்டோபர், நல்ல மழை.

அவருக்கு என் வயசு இருக்கும், அறுபதைத் தொட்டவர். சட்டத்தை வாங்கியதும் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். படத்தின் இருட்டான பகுதிகளில் ஓரமாக ஒரு நீலப் பளபளப்பு, பழைய எவர்சில்வர் தட்டு மாதிரி. “வெள்ளி மேலே ஏறியிருக்கு” என்றார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவதே வெள்ளித் துகள்தானாம். ஈரத்திலும் காற்றிலும் அது மெல்ல மேலே வந்து இப்படிப் பளபளக்குமாம். கண்ணாடியில் ஒட்டியிருந்த இடத்தைக் காட்டி, “யாராவது தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கலாம்னு சொன்னாங்களா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் சொல்லியிருந்தார். “நல்லவேளை, செய்யல. பூஞ்சை பிடிச்ச படம். அது மேலே இருக்கிற ஜெலட்டினைத் தின்னு வெச்சிருக்கும். தண்ணி பட்டா முகம் அப்படியே கரைஞ்சு போயிடும்.”

ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்தார். ஸ்கேனரில் வைக்கவில்லை. மேஜையில் படத்தைக் கிடத்தி, மேலே கேமராவை ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்தார். கண்ணாடியில் கேமராவின் நிழலுருவம் விழுந்தது. ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி கட்டினார். பிரதிபலிப்பு போய்விட்டது. இதற்கே முக்கால் மணி நேரம். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார், ஒரு கால் ஆடுகிறது. டீ வரவழைத்தார். அந்த டீ பற்றி டான்டீக்காரன் மகன் நான் கருத்துச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு முகமாகக் கேள்வி கேட்டார். இதற்காகவே இவரிடம் போகச் சொல்வேன். இது அழுக்கா, மச்சமா? இது கீறலா, தழும்பா? அப்பா காதில் இருப்பது கடுக்கனா, பூஞ்சைப் புள்ளியா? எனக்குத் தெரியாததற்கு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டோம். அக்காவின் புருவம் வந்தது. பெரிதாக்கினால் கோடு அங்கேயே இருக்கிறது, மெலிசாக, கொஞ்சம் சாய்வாக. அதன் குறுக்கே கண்ணாடியின் அழுக்கு ஒரு கோடு போட்டிருந்தது. “இதுல எது உங்க அக்கா?” என்றார். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து, “மூக்குப் பக்கம் சரியிறது அக்கா, மத்தது அழுக்கு” என்றார். அழுக்கை மட்டும் எடுத்தார்.

கீழ் இடது மூலையில் ஒன்றரை இஞ்சுக்குப் படமே இல்லை, வெள்ளிப்பூச்சி தின்றது. அங்கே என்ன இருந்தது என்பது எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்து வழக்கு. அம்மா இருந்தவரை கொழுந்துக் கூடை என்பார். நானும் கூடைக் கட்சி. அண்ணன் மட்டும், அது நாய், எங்கள் டைகர் என்று சாதிப்பார். ஆப் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தது. லயத்து வாசலில் பூந்தொட்டி!

“கூடையே போட்டுடுங்க” என்று சொன்னேன்.

“நீங்க பாத்தீங்களா?”

“அம்மா சொல்லுவாங்க.”

“அப்ப சும்மா விட்டுடலாம்” என்று, அந்த மூலையைச் சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். 1,800 ரூபாய் வாங்குகிறார், ஒரு மூலையை நிரப்பித் தர முடியாதா என்று. பேரன்கூட, “தாத்தா, நான் ஆப்பில் ரெண்டு நிமிஷத்தில் நிரப்பித் தர்றேன்” என்றான். வேண்டாம் என்று விட்டேன்.

ஒரு வாரத்தில் தருகிறேன் என்றவர் 19 நாள் எடுத்துக்கொண்டார். போன் போட்டால் எடுக்கமாட்டார். தீபாவளிக்கு மூன்று நாள் கடை பூட்டு. கண்டக்டர் வேலையில் இப்படி நடந்திருந்தால் மெமோ வந்திருக்கும். ஆனால் படம் வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அது பளபளக்கவில்லை. பழைய படமாகவேதான் இருந்தது, யாரோ சுவரிலிருந்து எடுத்து நன்றாகத் துடைத்துவைத்த மாதிரி. கம்பளியின் நெசவு தெரிந்தது. அம்மா காதில் கொப்பு கொப்பாக இருந்தது. அக்கா ஒரு பக்கம் சரிந்த புருவத்தோடு, கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழகி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சாதாரண முகம்தான். ஆனால் அக்கா.

நவம்பரில் அந்தப் படத்தை, வெட்டாமல், காலி மூலையோடு குழுக்களில் போட்டோம். இந்தத் தடவை பதிலே குறைவு. நாலு பேர். முதல் மூன்று பேரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன், மூலையில் என்ன இருந்தது என்று. ஒருவர் குழந்தை என்றார். ஒருவர் பானை என்றார். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, இலங்கை நம்பரிலிருந்து ஒரு கால். கிளிநொச்சி என்றார். குரலில் நடுத்தர வயசு. “நான் படம் பாத்திட்டுக் கதைக்கிறன்” என்று ஆரம்பித்தார். நான் உஷாராகிவிட்டேன். மூலைக் கேள்வியைக் கேட்டேன்.

“நாய் ஒண்டு நிக்கும், மாமா. தலை மட்டும்தான். உடம்பு படத்துக்குள்ள விழேல்ல.”

மாமா என்றது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல், “டைகருன்னு சொல்லு, டைகருன்னு சொல்லு” என்றது. ஐம்பது வருஷம் வடக்கில் இருந்தும் அக்காவுக்கு எங்கள் லயத்துப் பேச்சு மாறவில்லை.

வீடியோவுக்கு மாற்றினோம். அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்துக்கொண்டோம். யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. அண்ணன் மட்டும், “புருவத்தைக் காட்டு, புருவத்தைக் காட்டு” என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் போனுக்குள் நுழைக்கிற மாதிரி கிட்டே கொண்டுவந்தார். புருவம் நரைத்துவிட்டது. கோடு இருக்கிறது. தங்கச்சியைப் பார்த்து, “இது யாரு?” என்றார். இடுப்புக் குழந்தையாகப் பார்த்ததுதான். அவளுக்கு இப்போது 53.

அவர்களுடைய பிரதி இன்னும் இருக்கிறது என்று மருமகன் சொன்னார். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி, பிறகு ஊர் ஊராக ஓடி, 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்த மெனிக் பாம் முகாம் என்று எல்லா இடத்துக்கும், அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பாலிதீன் பைக்குள் அதுவும் போயிருக்கிறது. மறுநாள் படம் எடுத்து அனுப்பினார். நடுவில் மடித்த இடத்தில் வெடித்து, மேல் வலது பக்கம் தண்ணீர் புகுந்து, அப்பாவின் முகம் முழுக்கப் போயிருந்தது. அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று அக்காவின் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. கீழ் இடது மூலை மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, டைகர். அண்ணன் இப்போது எங்கள் யாரோடும் சகஜமாகப் பேசுவதில்லை, ஜெயித்தவர்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி படிக்கட்டு ஏறினேன். போனில் வந்த படத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடுமாம், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னார். பகலில் நிழலில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுக்க வேண்டுமாம். மருமகனிடமே பேசவைத்தேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் வெளிச்சம் பற்றிப் பேசினார்கள். அப்பா எங்கள் பிரதியிலிருந்து, நாய் அவர்கள் பிரதியிலிருந்து. ஐந்து நாளில் முடித்துவிட்டார், இந்தத் தடவை போனையும் எடுத்தார்.

பிரிண்ட் பற்றி ஒன்று. பளபளப்புத் தாளில் போடவேண்டாம், மேட் தாளில் போடுங்கள் என்றார். நான் பளபளப்புதான் வேண்டும் என்று ஒன்று போட்டுப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் முகமே தெரியவில்லை. அவர் சொன்னதே சரி. எட்டுக்குப் பத்து அளவில் நாலு மேட் பிரிண்ட், ஒன்று 120 ரூபாய். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு அட்டை ஓரம் வைத்து இடைவெளி விட்டுத்தான் தருகிறார். எங்கள் மலையில் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் இன்னொரு ஐம்பது வருஷத்தில் என் பேரன் இதே படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கும். சட்டத்துக்குத் தனிக் காசு. மரச்சட்டம் சுமார்தான், மூலை சரியாகப் பொருந்தவில்லை. சட்டத்தை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், நின்று நின்று ஓடுகிறது. எல்லோருக்கும் பாஸ்போர்ட் வந்ததும் அதில்தான் போவதாக இருக்கிறோம். வந்த மாதிரியே கப்பலில் போக வேண்டும் என்கிறார் அண்ணன். அக்காவுக்கான பிரதி பெட்டியில் தயாராக இருக்கிறது.

மொத்தக் கணக்கு: படம் எடுத்துச் சரிசெய்ய 1,800. நாலு பிரிண்ட் 480. நான் அடம்பிடித்துப் போட்ட பளபளப்புப் பிரிண்டுக்கு 100, அதுவும் சேர்த்துத்தான். அப்பா முகத்தைச் சேர்த்து அக்காவுக்கு அனுப்புகிற வேலைக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் காலண்டர் தாளில் கடைசி வரியாக ‘நாய் – 150’ என்று எழுதியிருந்தார். கொடுத்தேன். இந்த ஒன்றுக்காவது பில் கொடுங்கள், அண்ணனுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.